நோம்பிச் சோறு

(ஆடி பிறப்பதற்குச் சில நாள் முன்பு, ராசிபுரம் பக்கத்து வாசகர்கள் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்னும் சில நாளில் ஆடி பிறக்கிறது. வேறு ஊர்க்காரர்களைக் கேட்டால் ஆடி என்பது கல்யாணம் நடக்காத மாதம், துணிக்கடைத் தள்ளுபடி மாதம் என்பார்கள். நம் சேலம், நாமக்கல் சமவெளியில் ஆடிதான் விருந்து மாதம். முதல் தேதி தேங்காய் சுடுற நோம்பி. புதிதாகக் கல்யாணம் முடித்த வீடுகளில் அன்றைக்கே தலை ஆடி. பதினெட்டாம் நாள் மேட்டூர், கல்வடங்கம், குமாரபாளையம், ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று காவிரி தொடுகிற ஊரெல்லாம் கட்டுச்சோற்று மூட்டையோடு ஜனம் நிற்கும். சேலத்தில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை, அன்னதானப்பட்டி, பொன்னம்மாபேட்டை என்று அம்மன் கோயில் ஒவ்வொன்றிலும் திருவிழா. கூழ் ஊற்றுவார்கள், பொங்கல் வைப்பார்கள், கிடா வெட்டுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரம்பரை வந்து இறங்கும்.

உணவு ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்கள் இந்த மாதத்தில் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “நோம்பிக்கு நான் என்னென்ன சாப்பிடக் கூடாதுங்க?” கேட்கும்போதே குரல் இறங்கிவிடும், ஏதோ தப்புச் செய்யப் போகிறவர்போல. அதைக் கேட்டால் எனக்கு மனம் கனக்கிறது. அம்மாயி வீட்டில், மாமன் மச்சான்களோடு வரிசையாக உட்கார்ந்து சாப்பிடக் கிடைப்பது வருஷத்தில் சில நாள். அந்தச் சோற்றைப் பயந்து பயந்து விழுங்குவதால் எந்த நோயும் தீரப்போவதில்லை. நான் சொல்ல வந்தது சின்ன விஷயம். நோம்பியன்று நோம்பிச் சோற்றை ஆசையாகச் சாப்பிடுங்கள். நோம்பி இல்லாத நாளையெல்லாம் நோம்பியாக்காதீர்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நம் விருந்துகள் எந்த வயிற்றுக்காக உண்டானவை என்பதை நாம் மறந்துவிட்டோம். காவிரிக் கரையையும், ராஜவாய்க்கால் பாய்கிற பரமத்தி வேலூர் வட்டாரத்தையும், ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் இருந்த கொஞ்ச இடங்களையும் விட்டுவிட்டால் இந்தச் சமவெளி பெரும்பகுதி மானாவாரி பூமி. ஓமலூர், சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம் எல்லாம் மழையை நம்பிய காடு. விளைந்தது சோளமும் கம்பும் ராகியும் சாமையும். இங்கே உட்கார்ந்திருக்கிற எழுபது வயதுக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் கம்மஞ்சோற்றுக் கரைசல், மத்தியானம் சோளச்சோறு, ராத்திரி களி. தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ கொள்ளோ தட்டைப்பயறோ. நெல்லுச்சோறு என்று தனிப் பெயர் சொல்லித்தான் அரிசிச் சோற்றைக் கூப்பிட்டார்கள். அது நோம்பிக்கு, ஒரம்பரைக்கு, உடம்பு சரியில்லாதவர்களுக்கு. கறி என்றால் கோயிலில் கிடா வெட்டுகிற நாளில். கச்சாயமும் ஒப்புட்டும் அதிரசமும் எந்த மாதம் வரும் என்று பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அப்படிக் காத்திருந்த வயிறு, பகலெல்லாம் காட்டில் குனிந்து நிமிர்ந்த உடம்பு, நோம்பியன்று நாலு கரண்டி கறிக்கொழம்பு கூடுதலாக ஊற்றிக்கொண்டால் அது அப்படியே உழைப்பில் கரைந்தது. இன்றைக்கு நிலைமை வேறு. 2011 முதல் அரிசி அட்டைக்கு விலையில்லாமல் அரிசி கிடைக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பசியை ஒழித்த அரிசி அது, அதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் பசி என்னவென்று அறியாதவர்கள். ஆனால் கூடவே களியும் கம்பும் இலையிலிருந்து இறங்கிப் போய்விட்டன. நாமக்கல்லில் கோழிப் பண்ணை பெருகியபின் கறிக்கோழி ஞாயிற்றுக்கிழமைச் சமையலாகிவிட்டது. ராத்திரி பரோட்டா, சாயங்காலம் தட்டுவடை செட், நடுவில் இனிப்புப் போட்ட நாலு டீ. எண்ணெயும் வெல்லமும் நெல்லுச்சோறும் கறியும் சேர்ந்ததுதான் நோம்பி என்றால் நமக்கு இப்போது வாரம் ஏழு நாளும் நோம்பி.

இதன் விளைவு கணக்கிலேயே தெரிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அந்த ஆய்வு. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம், ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர். நாம் சாப்பிடுகிற மொத்தக் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அதே ஆய்வுக் குழு பிறகு சொன்னது. ஆடி பதினெட்டுக்குச் சாப்பிட்ட புளிச்சோற்றால் வந்த கணக்கா இது? ஆடி பதினெட்டு வருஷத்துக்கு ஒன்றுதான் வருகிறது.

அமெரிக்காவில் இதையே அளந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே நவம்பர் கடைசியில் நன்றி நவிலும் நாள், பிறகு கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று தொடர்ந்து விருந்துக் காலம். 195 பேரை அந்தக் காலம் முழுக்க எடை பார்த்து, 2000ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். தாங்கள் கூடிவிட்டதாக ஜனங்கள் நினைத்த எடையைவிட உண்மையில் கூடியது மிகக் குறைவு. சராசரியாக 370 கிராம்தான். அதைக் கேட்டு நிம்மதி அடையலாம். ஆனால் அந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அந்த 370 கிராம் அடுத்து வந்த மாதங்களில் இறங்கவே இல்லை. இறக்க வேண்டிய சாதாரண நாள்கள் அதை இறக்கவில்லை. பத்து வருஷ விருந்தைக் கூட்டினால் நாலு கிலோவுக்குப் பக்கம். விருந்து கூட்டியதைவிட, விருந்து முடிந்த மறுநாள் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை.

அதற்காக நோம்பியன்று எதையும் யோசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நிதானமாகச் சாப்பிட்டால்தான் ருசியும் தெரியும்.

தேங்காய் சுடுறதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிக்கு முந்தின வாரமே கடைவீதியில் அழிஞ்சிக் குச்சி விற்பனைக்கு வந்துவிடும். முற்றின தேங்காயை நார் எடுத்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரை வடிக்கிறோம். உள்ளே அவல், பச்சரிசி, பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு, எள், ஏலக்காய், நுணுக்கின வெல்லம். வடித்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஊற்றி, சீவின அழிஞ்சிக் குச்சியைச் செருகி மூடி, மஞ்சள் பூசி, வாசலில் தீயில் காட்டித் திருப்பித் திருப்பிச் சுடுகிறோம். பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அதற்காக வேண்டிக்கொண்டது இந்த வழிபாடு என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். ஓடு வெடித்ததும் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைக்கிறோம்.

இதில் கொழுப்பு இருக்கிறது, வெல்லம் இருக்கிறது. 100 கிராம் தேங்காய்ப் பருப்பில் 350 கலோரிக்குக் குறையாது. ஆனால் இதை யாரும் தனியாக ஒரு தேங்காய் உட்கார்ந்து தின்பதில்லை. உடைத்தால் பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம், அண்ணன் வீட்டுக்குக் கொஞ்சம், மீதி நமக்கு. கையில் வருவது ஒரு பத்தையும் ஒரு பிடி பூரணமும். அது வருவதற்கு ஒரு மணி நேரம் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருந்திருக்கிறோம். இந்த ருசி வேறு எந்த நாளிலும் கிடைக்காது. எனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள்கூட இதை ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு பத்தையைச் சாப்பிடுங்கள். அதற்கு ஈடாக, வருஷம் முழுக்கக் கடையில் கிடைக்கிற லட்டையும் ஜாங்கிரியையும் அன்றைக்குத் தொடாமல் விடுங்கள். இலையில் எதை வைப்பது, எதை விடுவது என்று குழம்பும்போது நான் பார்ப்பது இதைத்தான்: இது இன்றைக்கு மட்டும் கிடைப்பதா, நாளைக்கும் கிடைப்பதா?

அடுத்து தலை ஆடி. மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்கு விரிக்கிற இலையைப்போல ஆபத்தான இலை வேறு இல்லை. காலையில் இட்லி, கறிக்கொழம்பு, ஆடிப்பால். மத்தியானம் வறுவல், குடல் கொழம்பு, ஈரல், கோழி, முட்டை, சோறு, ரசம், தயிர். “மாப்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு வையுங்க.” “போதுங்க மாமா.” “அட, சாப்பிடற வயசு மாப்ள!” மாப்பிள்ளை இலையை மறைத்துக் கையை நீட்டுவார், கைக்கு மேலேயே கரண்டி வரும். இதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரு காலத்தில் வந்தவர் கூச்சத்தில் பசியோடு எழுந்துவிடக் கூடாதே என்பதற்காக வந்த உபசாரம் அது. இன்றைக்கு வருகிற ஒரம்பரை யாரும் பசியோடு வருவதில்லை. அவர் பையில் சர்க்கரை மாத்திரையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் இருக்கிறது, அதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்.

ஆகவே நிதானமாகச் சாப்பிடும் பொறுப்பை விருந்தாளி தலையில் மட்டும் கட்டாதீர்கள். பாதிப் பொறுப்பு பரிமாறுகிறவர் கையில் இருக்கிறது. முதலில் கொஞ்சமாக வையுங்கள். ஒரு தடவை கேளுங்கள். “போதும்” என்றால் அதை முதல் தடவையே நம்புங்கள். மனசு ஆறவில்லையென்றால் ஒரு தூக்குப்போசியில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்புங்கள். மறுநாள் அவர் வீட்டில் அதே கறியை இன்னும் ருசித்துச் சாப்பிடுவார்கள், உங்கள் பேரும் விளங்கும்.

இலையில் பத்து வகை இருந்தால் நாம் அதிகம் சாப்பிடுவது பேராசையால் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. ஒரே ருசியைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்த ருசி சலித்துவிடும், ஆனால் வேறொரு ருசி வந்ததும் ஆசை திரும்ப எழும். பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளர் 1980களில் இதைச் சோதித்து விளக்கினார். வறுவல் போதும் என்று தோன்றிய பிறகும் பாயசத்துக்கு இடம் இருப்பது இதனால்தான். வயிறு நிறைந்த செய்தியைக் குடலிலிருந்து கிளம்பும் ஹார்மோன்கள் மூளைக்குக் கொண்டுசேர்க்கச் சுமார் இருபது நிமிஷம் ஆகும். பந்தியில் அடுத்த ஆள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார் என்று பத்தே நிமிஷத்தில் அள்ளிப் போட்டால் அந்தச் செய்தி வந்து சேர்வதற்குள் இலை காலியாகிவிடும். பத்து வகையும் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரு வாய் ருசி பாருங்கள், பிறகு பிடித்த இரண்டு மூன்றை மட்டும் மறுபடி கேளுங்கள். பந்தி நடத்துகிறவர்களும் இலைக்குப் பின்னால் ஆளை நிறுத்தாதீர்கள்.

வரிசையும் முக்கியம். 2015இல் நியூயார்க்கில் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். காயையும் கோழிக்கறியையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. சாப்பாடு அதே, அளவும் அதே. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கைக்காசு செலவில்லாமல் நாளைக்கே செய்து பார்க்கக்கூடியது. நம் பந்தியில் சோற்றைக் குவித்துக் குழி பறித்துக் கொழம்பை ஊற்றியபின்தான் கறித் துண்டு வருகிறது. அதை மாற்றி, இலையில் முதலில் பொரியலும் வறுவலும் முட்டையும் வரட்டும், பேசிக்கொண்டே சாப்பிடட்டும், பிறகு சோறு வரட்டும். சோறு தானாகக் குறைந்துவிடும்.

காய்கறி விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2000 கலோரிக்கான ஒரு நாள் உணவைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். தானியம் 250 கிராம். கீரை உட்படக் காய்கறி 400 கிராம். பருப்பு, முட்டை, கறி எல்லாம் சேர்த்து 85 கிராம். எண்ணெய் 27 கிராம். நம் கறி விருந்து இலையில் காய் என்ற பெயரில் என்ன இருக்கிறது? இரண்டு துண்டு வெங்காயம். தலைவாசலிலும் ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் சந்தை நிறையக் காய் வந்து குவிகிற ஊர்க்காரர்கள் நாம். அவரைக்காய்ப் பொரியலோ சுரைக்காய்க் கூட்டோ கறி விருந்தில் வைத்தால் கௌரவக் குறைவு என்று யார் சொன்னது?

கறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேச்சேரி ஆடு உலகத்துக்கு நாம் கொடுத்த நல்ல இனம். அந்த இனத்துக்கென்றே பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. அந்தக் கறிக்குப் பெரிய மசாலா வேண்டியதில்லை. பள்ளிபாளையம் சிக்கனைப் பாருங்கள். வரமிளகாய், சின்ன வெங்காயம், கீறின தேங்காய்ப் பல், கோழி, அவ்வளவுதான். நல்ல கறிக்கு மிதக்கிற எண்ணெய் எதற்கு? விருந்துக் கொழம்பில் மேலே எண்ணெய் நிற்க வேண்டும் என்பது பிற்பாடு ஓட்டல்காரர்கள் பழக்கியது. வீட்டில் சமைக்கிறவர்கள் அதைக் காப்பியடிக்க வேண்டாம்.

கறி விருந்தென்றால் சில இடங்களில் கூடவே பாட்டிலும் வந்துவிடுகிறது. 1978இல் எட்டிங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒன்றைக் கவனித்து எழுதினார். விடுமுறை நாள்களுக்கு அடுத்து, வேறு இதயநோய் இல்லாதவர்கள்கூட இதயத் துடிப்பு தாறுமாறாகி மருத்துவமனைக்கு வந்தார்கள். காரணம் அதிகமாகக் குடித்த மது. விடுமுறை இதயம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். மாரியம்மன் நோம்பியில் தோளில் பிள்ளையை வைத்துக்கொண்டு வண்டி வேடிக்கை பார்க்க வேண்டிய தகப்பன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கக் கூடாது. இதில் அளவு, நிதானம் என்றெல்லாம் பேச நான் தயாராக இல்லை. வேண்டாம். பிள்ளைகளுக்குப் பெரிய பாட்டில் கோலாவும் வேண்டாம். 300 மில்லியில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. மோர் கொடுங்கள்.

நோம்பியன்று பலரும் செய்கிற இன்னொரு காரியம், மத்தியானம் நிறையச் சாப்பிட வேண்டுமே என்று காலையில் பட்டினி கிடப்பது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களுக்கு இது நேரடியான ஆபத்து. பந்திக்கு நேரமாகி மூன்று மணியானால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரலாம். நோய் இல்லாதவர்களும் காய்ந்த வயிற்றோடு பந்தியில் உட்கார்ந்தால் முதல் ஐந்து நிமிஷம் என்ன சாப்பிட்டோம் என்றே தெரியாது. காலையில் ஒரு சொம்பு ராகிக் கூழோ, இரண்டு இட்லியோ சாப்பிடுங்கள். விருந்து முடிந்ததும் திண்ணையில் சாய்ந்துவிடாமல் பத்து நிமிஷம் நடங்கள். நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 41 சர்க்கரை நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வந்தது. ஏதோ ஒரு நேரத்தில் அரை மணி நேரம் நடப்பதைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிஷம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம். கோயில் வரைக்கும் போய்வந்தாலே போதும். திருவிழா நாளில் தெருவில் நடக்க யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் எழுதினார். பத்துக் குறளில் ஆறு குறள் சாப்பாட்டைப் பற்றித்தான். அதில் விலக்க வேண்டிய பண்டங்களின் பட்டியல் ஒன்றுகூட இல்லை. முன்பு சாப்பிட்டது செரித்ததா, இப்போது பசிக்கிறதா, எவ்வளவு வேண்டும் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். எங்கள் தொழிலில் நாங்கள் கையில் கொடுக்கிற நீளமான அட்டவணைகளைவிட இந்தக் கேள்விகளை நான் பெரிதாக மதிக்கிறேன். கறி வேண்டாம், வெல்லம் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது எளிது. பசிக்கிறதா என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ள ஒருவரைப் பழக்குவதற்கு மாதக்கணக்காகும்.

இவ்வளவும் சாப்பிடுகிறவர்களுக்கு. சமைக்கிறவர்களைப் பற்றிப் பேசாமல் நான் இறங்க மாட்டேன். நோம்பியன்று விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டியவர், கடைசிப் பந்தி எழுந்த பிறகு நாலு மணிக்கு, ஆறிப்போன சோற்றில் அடிக்கொழம்பை வழித்து ஊற்றிக்கொண்டு சாப்பிடுகிறார். துண்டு இருக்காது, காய் இருக்காது. நடுவில் பசிக்கு இரண்டு கச்சாயமும் மூன்று டீயும். அந்த அம்மாவுக்கும் சர்க்கரை இருக்கலாம், அவரும் மாத்திரை போட வேண்டும். விருந்தைப் பற்றிய எந்த அறிவுரையும் இவருக்குப் போய்ச் சேர்வதில்லை, ஏனென்றால் இவருக்கு விருந்தே போய்ச் சேரவில்லை. இந்த ஆடியில் ஒரு மாற்றம் செய்யுங்கள். முதல் பந்தியில் சமைத்தவர்களை உட்கார வையுங்கள். வீட்டு ஆண்கள் கரண்டி பிடியுங்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி விசாரிக்கத் தெரிந்த கைகளுக்கு வீட்டில் நாலு இலைக்குப் பரிமாறத் தெரியாதா?

மிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கறிக்கொழம்பை அடுப்பு மேடையிலேயே ராத்திரி வரை வைக்காதீர்கள். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சின்னப் பாத்திரங்களாகப் பிரித்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். எடுக்கும்போது கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குங்கள், ஒரு தடவை மட்டும். நாலு நாள் திரும்பத் திரும்பச் சுண்டவைப்பதால் நோம்பி நாலு நாளாக நீள்கிறது. இரண்டாம் நாளோடு முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து களி கிண்டுங்கள். கொள்ளு ரசம் வையுங்கள், முருங்கைக்கீரையோ பண்ணைக்கீரையோ கடையுங்கள். ராகியும் கம்பும் இன்னும் நம் சந்தையில் கிடைக்கின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்கள் களியென்றால் அளவில்லாமல் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம், அதுவும் மாவுச்சத்துதான். கைப்பிடி அளவு ஓர் உருண்டை, அதற்கு இரண்டு பங்கு கீரையும் பருப்பும்.

மாத்திரை நேரம், இன்சுலின் அளவு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு கறி சாப்பிடலாம் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். அதை மேடையிலிருந்து பொதுவாகச் சொல்வது தப்பு. உங்கள் மருத்துவச் சீட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். கீழே வந்து உட்காருகிறேன், ஒவ்வொருவராகப் பார்ப்போம். வயதானவர்கள் முதலில் வாங்க.